புதுக்கோட்டை பக்கம் குகை, குடைவரை: ரெண்டு நாள்ல எதெல்லாம் பார்க்கலாம்?

ஊர்சுத்தி:
வணக்கம் நண்பர்களே, பொங்கல் லீவுல அம்மா, பத்து வயசுப் பையனோட புதுக்கோட்டை வரோம். சித்தன்னவாசல் கண்டிப்பா உண்டு, அது போக வேற என்ன பார்க்கலாம்? அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப ஏற முடியாது. கார்லதான் வரோம்.

மலைக்குருவி:
சித்தன்னவாசல் போற பாதிப்பேர் அங்க இருக்கிற அறிவர் கோயில்ங்கிற சமணக் குடைவரையோட (பாறையைக் குடைஞ்சு செஞ்ச கோயில்) ஓவியத்தை மட்டும் பார்த்துட்டுக் கிளம்பிடுறாங்க, தயவுசெஞ்சு ஏழடிப்பட்டத்தை விட்றாதீங்க. மலை மேல ஏறி அந்தப் பக்கம் திரும்பினா பாறையில ஏழு படிக்குழி வெட்டியிருக்கும், அதான் அந்தப் பேரு. கம்பி போட்டிருக்காங்க, பையன் கையை மட்டும் விடாதீங்க. அது இயற்கையான குகை, உள்ள 17 கல்படுக்கை, தலைமாட்டுல தலகாணி மாதிரி மேடு விட்டு வழவழன்னு தேய்ச்சு வச்சிருக்காங்க, ஒரு படுக்கையில தமிழி, அதாவது ரொம்பப் பழைய தமிழ் எழுத்து இருக்கு. சமணத் துறவிங்க படுத்த இடம், 2000 வருஷம் ஆச்சு. அதுக்குப் பக்கத்துலயே நம்மாளுங்க பேரைக் கிறுக்கி வச்சிருக்கிறதைப் பார்த்தப்ப வயிறு எரிஞ்சுது. வெயிலுக்கு முன்னாடியே ஏறிடுங்க, பாறை சூடேறிட்டா கால் வைக்க முடியாது.

கல்லும்_உளியும்:
அம்மாவுக்கு அறிவர் கோயில் போதும், படி கொஞ்சம்தான். உள்ள போனதும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்க, விதானம் முழுக்க தாமரைக்குளம், மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆளுங்க. நிறைய உதிர்ந்துபோச்சு, கண்ணு பழக ரெண்டு நிமிஷம் ஆகும், அவசரப்பட்டா எதுவும் தெரியாது. மதுரை இளங்கௌதமன்னு ஒருத்தர் இதைப் புதுப்பிச்சதா வெளிய கல்வெட்டே இருக்கு, 9ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். கருவறையில நின்னு வாயை மூடி ம்ம்ம்னு சொல்லிப்பாருங்க, நெஞ்சுக்குள்ள அதிரும், பையனுக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபிளாஷ் மட்டும் வேணாம்.

ஊர்சுத்தி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். நார்த்தாமலை அம்மாவோட போக முடியுமா?

மலைக்குருவி:
அம்மா வேணாங்க, அங்க இருக்கிற மேலமலைங்கிற குன்றுக்கு பாறை மேல நல்லா நடக்கணும். நீங்களும் பையனும் போங்க, விஜயாலய சோழீச்சரம்ங்கிற சிவன் கோயிலுக்கு எதிர்லயே ரெண்டு குடைவரை இருக்கு, அதுல பெரிசுல ஆளுயரத்துல 12 விஷ்ணு வரிசையா நிக்கிறாரு, ஆனா அதோட பேரு சமணர் குடகு, அதாவது சமணர் குகை! சாயங்கால வெயில் பட்டா அவ்வளவு அழகு.

திருமயத்தான்:
எங்க ஊரை விட்டுட்டீங்களே. திருமயத்துல ஒரே மலையில பெருமாளுக்கு ஒண்ணு சிவனுக்கு ஒண்ணு, பக்கத்து பக்கத்துல குடைவரை, பள்ளிகொண்ட பெருமாள் அவ்வளவு நீளமா அதே பாறையில செதுக்கினது. அம்மா நிம்மதியா கும்பிட்டுட்டு உக்காந்திருப்பாங்க, அதுக்குள்ள நீங்க கோட்டை ஏறிட்டு வந்துரலாம். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, காலையிலயே வந்துருங்க.