நூக்கல் டிரான்ஸ்லூசன்சி: 'பிடரி நீரிடைவெளி' எனலாமா?

வணக்கம். கர்ப்பகால மீயொலி ஸ்கேனில் கருவின் பின்கழுத்தில் அளக்கும் 'நூக்கல் டிரான்ஸ்லூசன்சி'க்கு (சுருக்கமாக என்.டி.) தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'பிடரி ஒளிகசிவு' என்றே வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பாடநூலில் 'ஒளி கசியும் பொருள்' ஏற்கெனவே இருக்கிறதே.

'பிடரி' பற்றி மறுபேச்சே இல்லை. ஆனால் மீயொலிச் சோதனையில் ஒளிக்கு என்ன வேலை? 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் பின்கழுத்துத் தோலுக்கு அடியில் கொஞ்சம் நீர் நிற்கிறது. நீரிலிருந்து எதிரொலி திரும்பாததால் திரையில் அந்த இடம் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும். கோடுகளை விட்டுவிட்டு அந்தக் கறுப்பின் அகலத்தை மட்டும் அளக்கிறார்கள். 1992-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் நிகோலைட்ஸ் குழு வெளியிட்ட கட்டுரையில் இருக்கும் 'டிரான்ஸ்லூசன்சி' (ஒளிகசிவு) திரையில் தெரிந்த தோற்றத்தின் பெயர். நாம் அங்கே இருக்கும் பொருளுக்கே பெயர் வைத்துவிடலாமே.

> 'பிடரி வீக்கம்' எளிது.

எளிதுதான், ஆனால் வேண்டவே வேண்டாம். இந்த நீர் எல்லாக் கருவிலும் உண்டு. 3.5 மி.மீ.க்கு மேல் போனால்கூட, டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் கோளாறுக்கும் இதயக் குறைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்றுதான் அர்த்தம். குரோமோசோமை உறுதி செய்ய நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்க வேண்டும். அறிக்கையில் 'பிடரி வீக்கம் 1.4 மி.மீ.' என்று இருந்தால், எந்தக் குறையும் இல்லாத பிள்ளையைச் சுமப்பவர் அன்று இரவு தூங்குவாரா? 'நீர்க்கோவை'க்கும் இதே பதில்தான்.

'தடிப்பு' ஆகாது. ஐந்தாம் மாத ஸ்கேனில் பிடரித் தோல் மடிப்பின் தடிமனை அளப்பது வேறு. அங்கே தோலும் கணக்கில் சேரும், எல்லையும் 6 மி.மீ. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம். 'நீர்ப்படலம்' யோசித்தேன். ஆனால் பிடரிக்கு அருகே பனிக்குடப் படலமும் கோடாகத் தெரிந்து ஏமாற்றும். கரு அசைந்து விலகும்வரை காத்திருந்துதான் எது தோல், எது படலம் என்று பிரிப்பார்கள். இந்தக் குழப்பம் பெயரிலும் ஏன்?

அதனால் 'பிடரி நீரிடைவெளி'. கொஞ்சம் நீளம்தான். 'நீரிடை' என்று குறுக்கினால் 'நீருக்குள்' என்று படித்துவிடுவார்கள். ஸ்கேன் சென்டரில் எப்படியும் 'என்.டி.' என்றுதான் சொல்லப்போகிறார்கள். இது கர்ப்பிணிக்குக் கொடுக்கும் விளக்கத் தாளுக்கு.

அப்புறம், இலங்கை நண்பர்களுக்காகக் கழியொலி (மீயொலி), நிறமூர்த்தம் (குரோமோசோம்) இரண்டையும் பதிவில் சேர்த்துவிடலாம். 'ஸ்கிரீனிங்'குக்கு 'முற்சோதனை' எனக்குச் சரியாகப் படவில்லை, அதைத் தனி இழையில் பேசலாம்.