இயேசு மனுஷனாக வந்ததற்கு என்னவென்று நன்றி சொல்வது?

ஜெபா_பாளை:
எங்கள் சபையில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும். வருடாவருடம் நான் சொல்வது ஒரே பாட்டுதான்: சுகம் தந்தார், வேலை தந்தார், பைக்கிலிருந்து விழுந்தும் காப்பாற்றினார், ஸ்தோத்திரம், உட்கார்ந்துவிடுவேன். இந்த முறை எங்கள் சபைப் போதகர் ஐயர், "கிடைத்ததையெல்லாம் சொல்ல வேண்டாம், அவர் நம்மைத் தேடி வந்தாரே, அதற்கு நன்றி சொல்லுங்கள்" என்றுவிட்டார். இரண்டு நாளாக யோசிக்கிறேன், ஒரு வரி வரவில்லை. ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன விஷயம். உங்களில் யாருக்காவது இது நிஜமாகவே உறைத்திருக்கிறதா?

முத்துநகர்வாசி:
நான் கத்தோலிக்கன், அதனால் எங்கள் திருவிவிலியத்திலிருந்து சொல்கிறேன். யோவான் 1:14 உங்கள் பைபிளில் "நமக்குள்ளே வாசம்பண்ணினார்", எங்களுடையதில் "நம்மிடையே குடிகொண்டார்". எனக்கு அந்தக் குடிகொண்டார் ரொம்பப் பிடிக்கும். விருந்தாளி வந்தால் நடு ஹாலை மட்டும் காட்டி அனுப்பிவிடலாம், பக்கத்து வீட்டில் குடிவந்தவரிடம் அது நடக்காது, நம் வீட்டுச் சண்டையெல்லாம் சுவர் தாண்டிக் கேட்கும். கேட்டும் காலி பண்ணிவிட்டுப் போகவில்லை பாருங்கள்.

பழைய_வாத்தியார்:
தம்பி சொன்னது சரிதான். மூலத்தில், கிரேக்கத்தில், அந்தச் சொல்லே கூடாரம் போட்டுத் தங்கினார் என்பதுதான். யாத்திராகமம் 25:8 பாருங்கள், இஸ்ரவேல் ஜனங்கள் நடுவில் வாசம்பண்ண தேவன் ஒரு ஸ்தலம் கேட்கிறார். ஜனங்கள் கூடாரத்தில் இருந்தார்கள், அவருக்கும் கூடாரம். ஆனால் உள்ளே, திரைக்கு அந்தப்புறம் பிரதான ஆசாரியர் மட்டும், அதுவும் வருடத்தில் ஒரே நாள். பிற்பாடு எருசலேம் தேவாலயத்திலும் அப்படி ஒரு திரை; இயேசு மரித்தபோது அது மேலிருந்து கீழே கிழிந்தது என்று மத்தேயு எழுதுகிறார். கீழிருந்து கிழிந்திருந்தால் யாரோ மனுஷன் கிழித்தான் என்று சொல்லலாம்! அப்புறம் லேவியராகமம் 16-இல்…

முத்துநகர்வாசி:
வாத்தியாரே, அவருக்கு இரண்டு நிமிடம்தான். நீங்கள் லேவியராகமத்துக்குள் போனால் அங்கே புத்தாண்டு பிறந்துவிடும்.

கிரேஸ்_அக்கா:
எனக்கு உறைத்தது அப்பா இறந்த வாரம். வந்தவர்கள் எல்லோரும் "தேவ சித்தம்மா" என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள், ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம்தான் வந்தது. எதிர்வீட்டு அத்தை மட்டும் ஒன்றும் பேசவில்லை. நேராகப் பின்பக்கம் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த காபி டம்ளர்களை எல்லாம் கழுவி வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதார்கள், கை ஈரம்கூடக் காயவில்லை. அன்றைக்கு ராத்திரி யோவான் 11 வாசித்தேன். லாசரு செத்து நாலு நாள். உயிரோடு எழுப்பத்தான் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும், இருந்தும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்து அவரும் கண்ணீர் விடுகிறார். தூரத்தில் இருந்துகொண்டே எழுப்பியிருக்கலாம், வார்த்தை ஒன்று போதும் அவருக்கு. நடந்து வந்து, அவர்களோடு நின்று அழுதுவிட்டு, அப்புறம்தான் கல்லை எடுக்கச் சொல்கிறார். நான் நன்றி சொல்வது அந்தக் கொஞ்ச நேரத்துக்காக, ஜெபா.

ஜெபா_பாளை:
அக்கா, போன வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தரையில் பாய் விரித்து என்னோடு பதினோரு ராத்திரி படுத்திருந்தான் என் தம்பி. அவனுக்கு மருத்துவமும் தெரியாது, கையில் காசும் இல்லை, சும்மா படுத்திருந்தான். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வாத்தியார் ஐயா, திரை கிழிந்ததையும் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன், கோபிக்காதீர்கள்.