1992 எம்எக்ஸ்-5க்கு ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும்: கோத்தகிரி ரோட்டுக்கு எது சரிப்படும்?

தேயிலைக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1992 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின், இரண்டே சீட். பெரியப்பா வெளிநாட்டில் வாங்கி, ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த வண்டி. இப்போது கோத்தகிரியில் என் பொறுப்பில் இருக்கிறது. வாரம் ஒரு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவேன்.

ஸ்பீடு பிரேக்கர் தாண்டினால் முன்பக்கம் இரண்டு தடவை ஆடித்தான் அடங்குகிறது. அதைவிடப் பயம் பின்பக்கம். இறக்கத்தில், வளைவுக்குள் இருக்கும்போது ரோடு பெயர்ந்த இடத்தில் டயர் ஏறினால் 'டக்' என்று ஒரு அடி, அதோடு பின்பக்கம் வெளியே தள்ளிப் போகிறது. போன மழையில் அப்படிப் போனபோது எதிரே பஸ். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் மட்கார்டை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஷாக் போச்சு, வேற வண்டி ஷாக்கை வெல்டு பண்ணி மாட்டிடலாம்" என்றார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்பிரிங் கம்பெனியோடு வந்ததுதான். கேஒய்பி, கோனி, பில்ஸ்டைன் என்று ஷாக் பிராண்டுகள், வண்டி உயரத்தைத் திருகி மாற்றுகிற காயிலோவர் செட் என்று படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. எதை வாங்குவது?

பனிமூட்டம்:
காயிலோவர் போடுங்க ப்ரோ. இரண்டு இஞ்ச் இறக்கினால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும், பார்க்கவும் கெத்து.

கோவை ஸ்பானர்:
தம்பி, வாங்குவது அப்புறம். முதலில் நாலு சக்கரத்திலும் நடு அச்சிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து சொல்லுங்க. முப்பது வருஷ ஸ்பிரிங் ஒரு பக்கம் தொய்ந்திருக்கலாம். அப்புறம் ஷாக் தண்டின் மேலே இருக்கிற ரப்பர் உறையைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்க. உள்ளே பம்ப் ஸ்டாப் என்று ஒரு நுரைக் கட்டை இருக்கணும். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

ஷாக் உடம்பில் லேசாக எண்ணெய் ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம். வழிந்து மண் அப்பியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

தேயிலைக்காடு:
அளந்தேன் அண்ணா. முன்னால் 35, 34.5 செ.மீ. பின்னால் இரண்டும் 35. வலது பின் ஷாக்கில் எண்ணெய் வழிந்து கட்டியாக மண். உறையைத் தூக்கியதும் கையில் என்ன வந்தது தெரியுமா? ஊட்டி வர்க்கியை டீயில் போடாமல் கசக்கினால் உதிருமே, அதே மாதிரி பழுப்புத் தூள். நாலில் மூன்று பக்கம் கட்டையே இல்லை, தூள்தான்.

கோவை ஸ்பானர்:
அதுதான் உங்க 'டக்'. இந்த வண்டியில் சஸ்பென்ஷன் அமுங்க இருக்கிற தூரமே குறைவு. அதனால் பம்ப் ஸ்டாப் என்பது கடைசி நேரத் தடுப்பு இல்லை, வளைவில் அடிக்கடி வேலை செய்கிற இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி. அது இல்லாவிட்டால் இரும்பு இரும்பில் முட்டும். முட்டிய நொடியில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. டயர் ரோட்டை விட்டுத் துள்ளும், பின்பக்கம் நழுவும். புது ஷாக் மட்டும் போட்டு இதை விட்டிருந்தால் காசும் போயிருக்கும், புது ஷாக்கும் போயிருக்கும்.

பனிமூட்டம் தம்பிக்கு: இரண்டு இஞ்ச் இறக்கினால் இருக்கிற கொஞ்ச தூரமும் போச்சு. வழவழ டிராக்கில் ஓட்டுகிறவருக்குச் சரி. நம்ம மலை ரோட்டில் மழைக்காலம் முடிந்தால் பள்ளம் ஒன்று வராது, ஒன்பது வரிசையாக வரும்.

பனிமூட்டம்:
அப்ப கோனி வாங்கி ஃபுல் டைட்டில் வைக்கட்டும். ஆட்டமே இருக்காது.

கோவை ஸ்பானர்:
அதுவும் கூடாதுங்க. கோனி மஞ்சள் என்கிற இறுக்கம் மாற்றக்கூடிய மாடலில் திருகுவது ரீபவுண்டு மட்டும்தான், அதாவது அமுங்கின ஷாக் திரும்ப நீள்வதன் வேகம். அதை ரொம்ப இறுக்கினால் முதல் பள்ளத்தில் அமுங்கின சக்கரம் கீழே இறங்குவதற்குள் இரண்டாவது பள்ளம் வந்துவிடும். அது இன்னும் கொஞ்சம் அமுங்கும். மூன்றாவதில் இன்னும். கார் படிப்படியாக உட்கார்ந்து பம்ப் ஸ்டாப் மேலேயே ஓடும். ஆட்டம் இல்லை என்று நினைப்பீர்கள், பிடியும் இருக்காது.

என் கணக்கு இது. சும்மா போய்வர என்றால் கேஒய்பி எக்ஸல்-ஜி போதும், பழைய கம்பெனி ஷாக்கின் குணம்தான். பில்ஸ்டைன் ஒற்றைக் குழாய், உள்ளே அழுத்தமாக வாயு. தொடர்ந்து குலுங்கினாலும் எண்ணெய் நுரைக்காது, ஆனால் மெதுவாகப் போகும்போது சிறு கல்லைக்கூட முதுகுக்குச் சொல்லும். வாங்கினால் பி6 பார்த்து வாங்குங்க. பி8 என்பது இறக்கின ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது, உங்க ஸ்பிரிங்குக்கு வேண்டாம். உங்க ஓட்டத்துக்கு நான் கோனி மஞ்சள் வாங்குவேன். முழுக்கத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கலாம். எதுவானாலும் நாலு புது பம்ப் ஸ்டாப், நாலு உறை, மேல் மவுண்டு ரப்பர் எல்லாம் சேர்த்தே ஆர்டர் போடுங்க.

வெலிங்டன் ஜாக்:
கழற்றும்போது ஒரு யோசனை. மேல் விஷ்போனின் (சக்கரத்தை வண்டி உடம்போடு இணைக்கிற கை) நீள போல்ட்டை உருவினால் ஷாக் வெளியே வந்துவிடும். கீழ் விஷ்போனில் இருக்கிற கேம் போல்ட்டுகளைத் தொடாதீங்க, அலைன்மென்ட் அதில்தான். ஷாக்கின் கீழ் போல்ட் துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும், முந்தின ராத்திரியே துரு எண்ணெய் ஊற்றி வையுங்க. ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரில் அமுக்கும்போது முகத்தை நேரே வைக்காதீங்க. விளையாட்டில்லை.

தேயிலைக்காடு:
மூன்று மாசம் கழித்து வருகிறேன். கோனி வந்தது, போன ஞாயிறு நானும் தம்பியும் சேர்ந்து மாட்டினோம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது, இருட்டுகிற வரை. முன்னால் அரைச் சுற்று இறுக்கியிருக்கிறேன், பின்னால் முழுத் தளர்வு. நேற்று மேட்டுப்பாளையம் இறங்கினேன். அதே வளைவு, அதே பெயர்ந்த ரோடு, வேண்டுமென்றே அதன் மேலேயே விட்டேன். 'டக்' இல்லை. 'தம்' என்று மெத்தையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம், வண்டி கோட்டை விட்டு நகரவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் ஒரு ஆட்டம், அதோடு சரி.

ஒன்றுதான் பாக்கி. இடது பின்பக்கம் மட்டும் மெதுவாகப் போகும்போது கிரீச் கிரீச் என்கிறது.

வெலிங்டன் ஜாக்:
விஷ்போன் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்கினீங்களா? சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் போல்ட்டைச் சுற்றி இருக்கிற புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

தேயிலைக்காடு:
மூன்று பக்கம் இறக்கி வைத்துத்தான் இறுக்கினோம். நாலாவது இருட்டில் ஜாக் மேலேயே. நாளைக் காலை தளர்த்தி மறுபடி இறுக்கிவிட்டுச் சொல்கிறேன்.