டிவிடெண்டை ஒளித்துவைத்துவிட்டு நிஃப்டியை வென்றாராம்!

கணக்குப்பிள்ளை:
“என் மியூச்சுவல் ஃபண்ட் பத்தாண்டுகளாக நிஃப்டியை ஆண்டுக்கு ஒரு சதவிகிதம் முந்துகிறது” என்று நேற்று ஒருவர் மார்தட்டியிருந்தார். எந்த நிஃப்டி ஐயா? ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் விலையை மட்டும் பார்க்கிற, டிவிடெண்ட் சேராத வெறும் விலைக் குறியீடு. நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் டிவிடெண்ட், அதை வெளியே கொடுக்காமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும் உங்கள் குரோத் பிளானின் என்.ஏ.வி.யில், அதாவது யூனிட் மதிப்பில், ஏறிவிடுகிறது, நிஃப்டி பக்கம் மட்டும் காணோம். டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டி.ஆர்.ஐ. குறியீடு என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

பொறுமைசாலி:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்ல ஏன் கூச்சம்? டி.ஆர்.ஐ.யை யாராவது வாங்க முடியுமா? அதற்குச் செலவு இல்லை, தரகு இல்லை. என் ஃபண்ட் எல்லாச் செலவும் போகத்தான் லாபம் காட்டுகிறது. நீங்கள் டிவிடெண்டைக் கூட்டினால் நான் செலவைக் கழிப்பேன்.

கணக்குப்பிள்ளை:
தாராளமாகக் கழியுங்கள். நிஃப்டியை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டின், கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் என்.ஏ.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் செலவும் கழிந்திருக்கும், டிவிடெண்டும் சேர்ந்திருக்கும். வெறும் நிஃப்டி 12 சதவிகிதம், உங்கள் ஃபண்ட் 13 என்றே வைத்துக்கொள்வோம்: ஒரு லட்சம் ரூபாய் 12 சதவிகிதத்தில் பத்தாண்டில் சுமார் 3.11 லட்சம், 13 சதவிகிதத்தில் 3.39 லட்சம். நீங்கள் கொண்டாடும் அந்த 28,000 ரூபாய் ஃபண்ட் மேனேஜரின் திறமையில் வந்ததல்ல, டிவிடெண்டில் வந்தது. 2018 பிப்ரவரியிலிருந்து டி.ஆர்.ஐ.யோடுதான் ஒப்பிட வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே சொல்லிவிட்டது.

பொறுமைசாலி:
செபி சொன்னது ஃபண்ட் நிறுவனங்களுக்கு. எனக்கல்ல.

குறுக்கெழுத்து:
அது என்ன வகை ஃபண்ட் என்று யாராவது சொன்னீர்களா? மிட்கேப் என்றால் நிஃப்டி 50 பொருந்தவே பொருந்தாது. சந்தை மதிப்பு வரிசையில் 101 முதல் 250 வரையான இடங்களில் உள்ள நிறுவனங்களில் குறைந்தது 65 சதவிகிதம் போடுகிற ஃபண்ட் அது.

கணக்குப்பிள்ளை:
வகை பிறகு. முதலில் டிவிடெண்டுக்குப் பதில் வரட்டும்.

ஊர்சுற்றி:
ஜெர்மனியின் டாக்ஸ் குறியீட்டை டிவிடெண்டையும் சேர்த்தேதான் கணக்கிடுகிறார்கள். நான் அங்கே இருந்தபோது...

பொறுமைசாலி:
நீங்கள் அங்கே இருந்த கதை தங்கப் பத்திர விவாதத்திலேயே மூன்று முறை வந்துவிட்டது.

ஊர்சுற்றி:
அந்த விவாதத்தில் தோற்ற கோபம் இன்னும் ஆறவில்லை போலும்.

பொறுமைசாலி:
தோற்றேனா? பாதியில் ஓடியது யார்?

கணக்குப்பிள்ளை:
பேச்சை மாற்றாதீர்கள். டிவிடெண்ட். டிவிடெண்ட். டிவிடெண்ட். ஒருவன் காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைத்தால் அடுத்தவன் ஜெயிக்கத்தான் செய்வான். ஒருவேளை அண்ணன், முகவருக்குக் கமிஷன் தரும் ரெகுலர் பிளானை விற்றுக் கமிஷன் வாங்குபவரோ? அப்படியானால் விலைக் குறியீட்டின் மேல் இவ்வளவு பாசம் வருவது நியாயம்தான்.

பொறுமைசாலி:
நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். கூட்டல் கழித்தலை உங்களிடம் கற்கும் நிலையில் இல்லை.

குறுக்கெழுத்து:
மிட்கேப்பா, முதல் நூறு நிறுவனங்களில் போடும் லார்ஜ்கேப்பா?

பொறுமைசாலி:
இன்றிரவே பத்தாண்டுக் கணக்கையும் இங்கே போடுகிறேன். வாயடைத்துப் போவீர்கள்.

கணக்குப்பிள்ளை:
போடுங்கள். டிவிடெண்டோடு.