உருளைக்கிழங்கு எந்தப் பக்கம்?

வெண்டைக்காய்: சாக்பீஸ், ஐந்தாம் வகுப்பு 'உணவுத் தட்டு' பாடத்துக்கு நீங்கள் இந்த இணையக் குழுவில் ஏற்றிய மாதிரி சார்ட்டைப் பார்த்தேன். தட்டில் காய், பழத்துக்கான பாதியில் நடுநாயகமாக உருளைக்கிழங்கு! அது சோற்றுப் பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? அவித்த உருளை 100 கிராமில் கார்போஹைட்ரேட் ஏறக்குறைய 20 கிராம். அதைப் பார்த்து வளரும் பிள்ளை சோறும் உருளை வறுவலும் சாப்பிட்டுவிட்டு, காய் ஆயிற்று என்று கை கழுவிவிடும்.

சாக்பீஸ்: உருளையை எங்கே விற்கிறார்கள், அரிசி மண்டியிலா? அமெரிக்க அரசு 2011-இல் வெளியிட்ட 'மைபிளேட்' உணவு வழிகாட்டியிலும் அது காய்கறிதான். வைட்டமின் சி, பொட்டாசியம் இரண்டும் உண்டு.

வெண்டைக்காய்: பிரிட்டன் அரசின் உணவு வழிகாட்டியில் உருளை ரொட்டி, அரிசியோடு நிற்கிறது. அங்கே தினம் ஐந்து பங்கு காய், பழக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்துப் பட்டியலிலும் கிழங்குக்குத் தனிப் பிரிவு.

சாக்பீஸ்: அதே பிரிவில்தான் கேரட், பீட்ரூட், முள்ளங்கியும் இருக்கின்றன. அவற்றையும் சோற்றோடு தள்ளுவீர்களோ? பாதிப் பக்கம் படித்துவிட்டு வருவது உங்களுக்கு வழக்கம்தானே. முட்டை மஞ்சள் கரு விவாதத்திலும் இதே கதை.

வெண்டைக்காய்: மஞ்சள் கருவை இங்கே இழுக்காதீர்கள். உருளையில் சோற்றைப் போல மாவுச்சத்து இருப்பதை வகுப்பிலேயே காட்டலாம். டிங்சர் அயோடினை வெளிர் மஞ்சளாகும்வரை தண்ணீர் கலந்து, நறுக்கிய உருளையில் ஒரு சொட்டு, வெள்ளரியில் ஒரு சொட்டு. மாவுச்சத்து இருப்பதால் உருளை கருநீலமாகும், வெள்ளரியில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். நீர்க்காமல் விட்டால் எல்லாமே கறுப்பாகத் தெரிந்து பிள்ளைகள் குழம்புவார்கள். ஆவி பறக்கும் சோற்றில் விட்டால் நிறமே வராது, ஆறவிட வேண்டும். சொட்டு விட்ட துண்டு நேராகக் குப்பைக்கு, வாய்க்கு அல்ல.

மூன்றாம்பெஞ்ச்: வாழைக்காயும்தான் கருநீலமாகும். அதுவும் சோற்றுப் பக்கமா?

வெண்டைக்காய்: ஆமாம். சேப்பங்கிழங்கு, மரவள்ளியும் அங்கேதான்.

சாக்பீஸ்: அப்போது வாழைக்காய் பொரியல் செய்கிற வீட்டில் காயே இல்லை என்று எழுதிக்கொடுங்கள், சட்டம் போட்டு மாட்டுகிறோம். சத்துணவில் கலவை சாதத்தோடு உருளை கொடுக்கிறார்களே, அதையும் நிறுத்திவிடலாமா?

வெண்டைக்காய்: கொடுப்பதை யார் குறை சொன்னது? கொடுக்கட்டும், ஆனால் அரிசிப் பங்கில் வைத்துக் கொடுக்கட்டும். பக்கத்தில் அவரையோ கீரையோ இருந்தால்தான் அந்தப் பாதி நிறையும். உங்கள் சார்ட்டில் கீரையே இல்லை, கவனித்தீர்களா?

சாக்பீஸ்: கீரை வலது மூலையில் இருக்கிறது. கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

வெண்டைக்காய்: அது கொத்தமல்லி. உருளையை இன்னும் எடுக்கவில்லை.

மூன்றாம்பெஞ்ச்: பச்சைப் பட்டாணி எந்தப் பக்கம்?

சாக்பீஸ்: ஐயா, நீங்கள் வேறா!