‘ஐநோடு’ என்பதற்குக் ‘கோப்போலை’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், கோப்பு சிறிதோ பெரிதோ, கோப்புக்கு ஒன்றாக அதன் விவரங்களை வைத்திருக்கும் பதிவுக்கு ‘ஐநோடு’ (inode) என்று பெயர். அதற்குச் ‘சுட்டுக்கணு’ (சுட்டு = இண்டெக்ஸ், கணு = நோடு) என்ற சொல் நம் மொழிபெயர்ப்பு விவாதத்தில் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்ல, நான் பராமரிக்கும் லினக்ஸ் வழங்கியில் (சர்வர்) அண்மையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

100 ஜிபி வட்டு, அதில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடு இஎக்ஸ்டி4 (ext4) என்ற கோப்பு முறைமை, பாதிக்கு மேல் காலி. ஆனாலும் இரவுதோறும் ‘சாதனத்தில் இடம் இல்லை’ என்ற பிழை. காலையில் தற்காலிகக் கோப்புகள் சில அழிந்ததும் தானாகச் சரியாகும். இரவில் மறுபடி வரும். ஏற்கெனவே இருக்கும் கோப்பில் எழுத முடிந்தது, புதிய கோப்பைத்தான் தொடங்க முடியவில்லை. இடம் இல்லை என்கிறதே என்று 8 ஜிபி பதிவுக் கோப்பு ஒன்றை அழித்தோம். சில நொடிகளில் அதே பிழை. மூன்றாம் இரவு, வட்டில் எவ்வளவு மீதி என்று காட்டும் டிஎஃப் (df) கட்டளையை, ஐநோடுகளை எண்ணிக் காட்டும் ‘ஐ’ (-i) என்ற தெரிவோடு இயக்கிய பிறகே விளங்கியது: ஐநோடுகள் 100 விழுக்காடும் செலவாகியிருந்தன. பழைய அமர்வுக் கோப்புகளை (பயனர் உள்நுழையும்போது உருவாகும் சிறு கோப்புகள்) துடைக்கும் அன்றாடப் பணி எப்போதோ நின்றுபோய், ஒரு கேபிகூட இல்லாத கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்து கிடந்தன. அந்த 8 ஜிபி கோப்பை அழித்ததில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஐநோடு!

இஎக்ஸ்டி4-இல் வட்டை வடிவமைக்கும்போதே (ஃபார்மட்), வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒன்று என்று ஐநோடுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. 100 ஜிபிக்கு ஏறத்தாழ 65 லட்சம். பிறகு கூட்ட வேண்டுமானால் கோப்பு முறைமையையே பெரிதாக்க வேண்டும், அல்லது புதிதாக வடிவமைக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்ற வேறொரு கோப்பு முறைமையோ ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘ஐநோடு’ என்பதில் உள்ள ‘ஐ’ எதைக் குறிக்கிறது என்று, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியிடமே கேட்டிருக்கிறார்கள். தனக்கும் தெரியாது, ‘இண்டெக்ஸ்’ ஆக இருக்கலாம் என்பது தன் ஊகம் என்றார் அவர். ஆக்கியவரே ஊகிக்கும் ஓர் எழுத்தை நாம் எதற்காக மொழிபெயர்க்க வேண்டும்? கணு என்றால் கரும்பிலும் மூங்கிலிலும் இருப்பது. ஐநோடு அப்படி எதையும் இணைப்பதில்லை. அது ஒரு விவரப் பதிவு: உரிமையாளர், அனுமதி, அளவு, நேரம், வட்டில் எந்தெந்தத் தொகுதிகளில் தரவு கிடக்கிறது என்பவை அதில் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் இருக்காது. பெயர் கோப்பகத்தில் இருக்கிறது. அதனால்தான் ஒரே ஐநோட்டுக்குப் பல பெயர்கள் வைக்க முடிகிறது.

முதலில் நான் ‘கோப்புப் பட்டா’ என்று எழுதியிருந்தேன். நிலம் இருந்தும் பட்டா எண் தீர்ந்துபோன நிலை என்று விளக்க வசதியாக இருந்தது. யாழ்ப்பாணத்து நண்பர், தங்கள் பக்கம் காணிக்கு ‘உறுதி’ என்பதே வழக்கு என்று மறுத்தார். அவர் சொன்னது சரி. ஒரு கரையில் மட்டும் விளங்கும் சொல் நமக்கு வேண்டாம்.

ஆகவே ‘கோப்போலை’. ஓலை இரு கரையிலும் ஓலைதான். கட்டு ஒன்றுக்கு இத்தனை ஓலை என்று முதலிலேயே நறுக்கிவைத்தாயிற்று. வீட்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் ஓலை தீர்ந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்க முடியாது. நான் மூன்று இரவுகள் தேடியது இந்த ஒரு வரியைத்தான். கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன: கோப்போலை எண், ஓலைக்கட்டு, ஓலைப் பற்றாக்குறை. ‘ஓலைத் தீர்வு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சிக்கலுக்கு விடை என்று படித்துவிடுவார்கள்.

இடம் தீர்ந்தாலும் ஓலை தீர்ந்தாலும் பிழை எண் 28 ஒன்றே, செய்தியும் ஒன்றே. அதை நம் மொழிபெயர்ப்பால் பிரிக்க முடியாது. ஆனால் டிஎஃப் காட்டும் அட்டவணையின் தலைப்புகளில் ‘ஓலைகள்’, ‘பயன்’, ‘மீதி’ என்று போடலாம். கட்டத்தின் அகலத்துக்குள்ளும் அடங்கும். மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.