உதவி: ஆச்சி படத்தில் கறை போகவே மாட்டேன் என்கிறது (ரொம்ப அவசரம்)

கரிசல்காட்டான்
எல்லோருக்கும் வணக்கம். ஆச்சி முகத்தில் இருக்கும் கறையை எடுக்க வேண்டும். வீடியோ பார்த்து அப்படியே செய்கிறேன், ஹீலிங் டூல் (கறை நீக்கும் கருவி) எடுத்துத் தேய்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை பதினாறாம் நாள் காரியம், நாளை மாலைக்குள் பிரேம் கடையில் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிக்சல்புலி
என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன கறை, எதுவுமே சொல்லாமல் "ஒன்றுமே நடக்கவில்லை" என்றால் நாங்கள் ஜோசியமா பார்க்க முடியும்? புதிதாக வருபவர்கள் ஒட்டிவைத்திருக்கும் பதிவைப் படித்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்கிறேன்.
சரி, ஆல்ட் அழுத்திக்கொண்டு நல்ல தோலில் ஒரு கிளிக், அப்புறம் கறை மேல் தேய்க்கவும். முன்பு செய்த செலக்‌ஷன் (வேலைக்காகக் குறித்த பகுதி) ஏதாவது மிச்சம் இருந்தால் கன்ட்ரோல் டி. இது அரிச்சுவடி.

சர்வீஸ்செல்வம்
ரேம் எவ்வளவு? 4 ஜிபி என்றால் இதுதான் நடக்கும். டூல் வேலை செய்யும், திரையில் காட்டத்தான் நேரம் எடுக்கும். தேய்த்துவிட்டு ரெண்டு நிமிடம் காத்திருந்து பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்துவிடுங்கள்.

தேன்மிட்டாய்
எதற்கு இவ்வளவு பாடு? போனில் ஏஐ ஆப் எவ்வளவோ இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் பளிச்சென்று வந்துவிடும்.

மல்லிகைப்பந்தல்
@தேன்மிட்டாய், எங்கள் மாமா படத்தை அப்படித்தான் ஒரு ஆப்பில் போட்டோம். பளிச்சென்று வந்தது, பல்வரிசை வேறு யாருடையதோ. அத்தை ஒரே பார்வையில் "இது யாரு?" என்று கேட்டுவிட்டார். காரிய வீட்டுப் படத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.
@கரிசல்காட்டான், வருத்தம் தம்பி. படத்தைத் திரையோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். அது என்ன கறை? பருவா, மச்சமா, படத்தாளில் பூத்த பூஞ்சையா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

கரிசல்காட்டான்
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ரேம் 8. ரெண்டு நிமிடம் காத்திருந்தேன், ஒன்றும் இல்லை. புலி சார் சொன்னபடி ஆல்ட் அழுத்தி கிளிக் செய்தேன், கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து போகிறது. கன்ட்ரோல் டி அழுத்தினால் அதே படம் இன்னொன்று திறக்கிறது. ரெண்டு தடவை அழுத்தினேன், இப்போது மூன்று ஆச்சி இருக்கிறார்கள்.

மல்லிகைப்பந்தல்
மூன்று ஆச்சியா! அப்படியானால் நீங்கள் வைத்திருப்பது ஃபோட்டோஷாப் இல்லை தம்பி, ஜிம்ப். ஜிம்ப்பில் கன்ட்ரோல் டி என்றால் படத்தை நகல் எடு என்று அர்த்தம். ஃபோட்டோஷாப்பில் அதுவே செலக்‌ஷனை நீக்கும். நீங்கள் பார்க்கும் வீடியோ ஃபோட்டோஷாப்புக்கு உரியது என்று நினைக்கிறேன்.
ஜிம்ப்பில் ஹீல் டூலுக்கு ஆல்ட் கிடையாது, கன்ட்ரோல். கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு நல்ல தோலில் கிளிக், கையை எடுத்துவிட்டுக் கறை மேல் தேய்க்க வேண்டும். கீழே வந்த வரி "செட் எ சோர்ஸ் இமேஜ் ஃபர்ஸ்ட்" என்று இருந்திருக்கும். எங்கிருந்து எடுப்பது என்று நீங்கள் இன்னும் காட்டவில்லை என்று அது கேட்கிறது.

கரிசல்காட்டான்
ஆமாம் அக்கா, ஜிம்ப்தான். 2.10. சித்தி மகன் போட்டுக் கொடுத்தான், அதை "ஃபோட்டோஷாப் மாதிரி" என்றுதான் சொன்னான். கீழே வந்ததும் நீங்கள் சொன்ன அதே வரிதான். இப்போது கன்ட்ரோல் கிளிக் செய்தால் வட்டம் வருகிறது, வரியும் வரவில்லை. ஆனால் தேய்த்தால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. கறை என்பது சீல். ஆச்சியின் பழைய பாஸ்புக்கில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் சைஸ் படம், சீலின் பாதி வட்டம் கன்னத்தின் மேல் விழுந்திருக்கிறது. நாங்கள் வைத்திருக்கும் ஒரே தனிப்படம் இதுதான், மற்றதெல்லாம் கல்யாணக் கூட்டத்தில் நிற்பவை. திரையைப் போனில் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

பிக்சல்புலி
ஜிம்ப் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் நேரம் வீணாகியிருக்காது. இலவசச் சாமான் இப்படித்தான். நான் ஃபோட்டோஷாப் 7 காலத்திலிருந்து வேலை செய்கிறேன், 2002-இல் ஹீலிங் பிரஷ் வந்ததே அதில்தான். லேயர் (படம் இருக்கும் அடுக்கு) பூட்டியிருக்கும், பாருங்கள்.
இன்னொன்று. படத்தைப் பார்த்தேன், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சீலை எடுக்கும்போதே அதையும் சமன் செய்து, நிறத்தையும் ரெண்டு பாயின்ட் கூட்டிவிடுங்கள். சபையில் வைக்கிற படம் லட்சணமாக இருக்க வேண்டும்.

மல்லிகைப்பந்தல்
லட்சணம் என்றால் வெள்ளையா புலி சார்? பேரனே வந்து "எங்கள் ஆச்சி இப்படி இல்லையே" என்று சொல்வதற்கா படம் வைப்பது? அந்தத் தழும்பு பெரியம்மைத் தழும்பு மாதிரி தெரிகிறது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வராத நோய். அதிலிருந்து பிழைத்து வந்த முகம் அது. பழுது என்று அதைத் துடைக்க வேண்டுமா?

பிக்சல்புலி
நான் சொன்னது தொழில் முறை. எந்த ஸ்டூடியோவில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வாடிக்கையாளர் கேட்பதைச் செய்து பழகியவன் நான், கவிதை எழுதி அல்ல.

நெகட்டிவ்மாமா
ஸ்டூடியோ என்று பேச்சு வந்ததால் நானும் சொல்கிறேன். கடை போட்டு 31 வருடம் நடத்தி மூடியவன். டச்சிங் என்பது அந்தக் காலத்தில் நெகட்டிவ் மேல் பென்சிலால் செய்வது. பென்சில் முனையை உப்புத்தாளில் ஊசி மாதிரி சீவிக்கொள்வோம். நெகட்டிவில் பென்சில் பிடிக்காது, அதற்காக மருந்து ஒன்றைத் தடவிக் காயவிட்டு, பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாய்மேசையில் வைத்துக் கமா கமாவாகப் போடுவோம். முகத்தில் கறுப்பாக இருக்கும் குழி நெகட்டிவில் வெளிறித் தெரியும். அதை நிரப்பினால் பிரின்டில் குழி மறையும். கை கொஞ்சம் மிஞ்சினால் மாவில் செய்த பொம்மை முகம்தான். தழும்பை எடுப்பதா வேண்டாமா என்பதை வீட்டார் சொல்லட்டும், நாம் சண்டை போட வேண்டாம்.
தம்பி, சீல் என்ன நிறம்? அதைச் சொல்லவே இல்லையே.

கரிசல்காட்டான்
வயலட் மாமா. படம் கறுப்பு வெள்ளை, தாள் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது. லேயர் பூட்டு எதுவும் இல்லை புலி சார்.

நெகட்டிவ்மாமா
வயலட் சீல், கறுப்பு வெள்ளைப் படம். அப்புறம் எதற்குத் தேய்க்கிறாய்? கறை பிடித்த படத்தைக் காப்பி எடுக்க வந்தால் கேமராவில் கறையின் நிறத்திலேயே ஒரு ஃபில்டர் போட்டு எடுப்போம். மஞ்சள் கறைக்கு மஞ்சள் ஃபில்டர். கறை வெளுத்துப் பின்னணியோடு கலந்துவிடும். அதே வித்தை உன் ஜிம்ப்பிலும் இருக்கிறது.
வயலட் மை பச்சை வெளிச்சத்தைத்தான் அதிகம் விழுங்கும், சிவப்பையும் நீலத்தையும் ஓரளவு விட்டுவிடும். அதனால் பச்சைச் சேனலில், அதாவது படத்தின் பச்சைப் பங்கில், சீல் அடர்த்தியாகவும், மற்ற ரெண்டில் மங்கலாகவும் இருக்கும். கலர்ஸ் மெனு, அதில் காம்பொனன்ட்ஸ், அதற்குள் மோனோ மிக்சர் (மூன்று நிறத்தையும் கலந்து கறுப்பு வெள்ளையாக்குவது). பச்சையைப் பூஜ்யமாக்கு. முதலில் நீலத்தை 1, சிவப்பை 0 வைத்துப் பார். பிறகு சிவப்பு 1, நீலம் 0. தாள் மஞ்சளாகிவிட்டதால் நீலத்தில் மஞ்சளெல்லாம் கறுத்துக் கூடவே புள்ளி புள்ளியாகத் தெரியும். சிவப்பில் மஞ்சள் காணாமல் போகும். எதில் சீல் குறைவோ அதை வைத்துக்கொள். மிச்சம் தெரிவதை மட்டும் ஹீல் டூலால் எடுக்கலாம்.

சர்வீஸ்செல்வம்
அருமை மாமா. ஆனாலும் டிரைவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கரிசல்காட்டான்
மாமா, செய்தேன். விசித்திரமாக இருக்கிறது. ஆச்சியின் இடது கண்ணைச் சுற்றி மட்டும் மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. மற்ற முகம், சீல் எல்லாம் அப்படியே. ஜிம்ப் கெட்டுப்போய்விட்டதா? அழித்துவிட்டு மறுபடி போடட்டுமா?

ஊர்க்குருவி
நானும் புதுசுதான், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். கண்ணைச் சுற்றி மட்டும் மாறியது என்றால் அங்கே ஒரு செலக்‌ஷன் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? செலக்‌ஷன் இருந்தால் அதற்கு வெளியே எந்த டூலும் வேலை செய்யாது. எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ அழுத்திப் பாருங்கள்.

மல்லிகைப்பந்தல்
குருவி பிடித்துவிட்டது! ஆனால் போட்டோவில் ஓடும் கோடு எதுவும் தெரியவில்லையே என்றுதான் நானும் அந்தப் பக்கம் போகவில்லை. தம்பி, அந்த வீடியோவில் கன்ட்ரோல் டி (டிரான்ஸ்ஃபார்மின் டி, முன்பு சொன்ன டி இல்லை) எங்காவது அழுத்தச் சொன்னார்களா?

கரிசல்காட்டான்
ஆமாம் அக்கா. முதலில் கண்ணைச் சுற்றி வட்டம் போட்டு வெளிச்சம் ஏற்றினார். அப்புறம் படத்தைப் பெரிதாக்க அந்த டி அழுத்தினார். நானும் அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை, விட்டுவிட்டேன்.

மல்லிகைப்பந்தல்
ஒன்றும் ஆகாமல் இல்லை. ஜிம்ப்பில் அந்தச் சாவி செலக்‌ஷனைச் சுற்றி ஓடும் எறும்புக் கோட்டை மறைத்துவிடும். செலக்‌ஷன் போகாது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வியூ மெனுவில் ஷோ செலக்‌ஷன் என்று இருக்கும், அதில் டிக் போயிருக்கும். நீங்கள் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள், ஜிம்ப்புக்கு அனுமதி கண்ணில் மட்டும். பாவம் அது என்ன செய்யும்.

கரிசல்காட்டான்
வேலை செய்கிறது!!! குருவி வாழ்க.

பிக்சல்புலி
செலக்‌ஷனை நீக்கு என்று என் முதல் பதிலிலேயே இருக்கிறது. மேலே போய்ப் பார்க்கலாம்.

மல்லிகைப்பந்தல்
இருக்கிறது சார். கூடவே ரெண்டு ஆச்சியும் வந்தார்கள்.

நெகட்டிவ்மாமா
சிரித்து முடித்தாயிற்றா? தம்பி, இன்னும் ரெண்டு விஷயம். மோனோ மிக்சரை முதலில் பின்வாங்கிவிட்டு முழுப் படத்துக்கும் திரும்பப் போடு, இல்லையென்றால் கண் ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக நிற்கும். அப்புறம் கன்ட்ரோல் ஷிஃப்ட் டி (டூப்ளிகேட்டின் டி) போட்டு லேயரை நகல் எடுத்து நகலில் மட்டும் தேய். கெடுத்துவிட்டால் நகலைத் தூக்கிப் போட்டுவிடலாம். பிரஷ் சீல் கோட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும். நீளமாக இழுக்காதே, தொட்டுத் தொட்டு எடு. மாதிரி எடுக்கும் இடம் பக்கத்துத் தோலாகவே இருக்கட்டும். ஹீல் டூல் தோலின் சொரசொரப்பை எடுத்துவந்து, வெளிச்சத்தைக் கறை இருக்கும் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். அதனால் முடியோரம், மூக்குத்தி, காதோலை பக்கம் போனால் இருட்டு கசிந்து புகை மாதிரி அப்பிவிடும். அங்கே மட்டும் குளோன் டூல் (எடுத்ததை அப்படியே ஒட்டுவது).
படத்தை எப்படி எடுத்தாய்? போனிலா?

கரிசல்காட்டான்
ஆமாம் மாமா. சித்தி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

நெகட்டிவ்மாமா
அதானே. மூலப் படம் வீட்டில்தானே இருக்கிறது? ஜெராக்ஸ் கடையில் கொடுத்து 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) கலரில் ஸ்கேன் எடுக்கச் சொல். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சீலின் நிறமே போய்விடும், மேலே சொன்ன வித்தை பலிக்காது. 35க்கு 45 மில்லிமீட்டர் படம் சுமார் 1650க்கு 2125 பிக்சல் வரும், எட்டுக்குப் பத்து அங்குல பிரேமுக்குப் போதும். பென்டிரைவில் வாங்கிக்கொள். வாட்ஸ்அப்பில்தான் என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல், சாதாரணமாக அனுப்பினால் சுருக்கித் தேய்த்துவிடும்.

பிக்சல்புலி
எட்டுக்குப் பத்துக்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வேண்டும். 1650 போதாது. அடிப்படை.

நெகட்டிவ்மாமா
சுவரில் மாட்டிப் பார்க்கிற படம் தம்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறதல்ல. 200 போதும். தாளிலேயே அதற்கு மேல் விவரம் கிடையாது.

பிக்சல்புலி
இதில் நான் உடன்படவில்லை. தனி இழை போடுகிறேன்.

கரிசல்காட்டான் (இரண்டு நாள் கழித்து)
கொடுத்தாச்சு. சிவப்பில்தான் சீல் நன்றாகப் போனது. தழும்பைத் தொட வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டார். எல்லோருக்கும் நன்றி, வீட்டில் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள், பிறகு வருகிறேன்.

ராத்திரிப்பறவை99 (நான்கு மாதம் கழித்து)
எனக்கும் இதே பிரச்சினை. தேய்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. அவசரம்.

பிக்சல்புலி
என்ன மென்பொருள்?